பிடித்துப்போன ‘சுமார்’ படத்தைப் பற்றி எழுதுவது எப்படி?

செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ டிவியில் ஓடும்போதெல்லாம் என் அக்கா ரிமோட்டைத் தேடுவாள். “இதை எத்தனை தடவைதான்டா பாப்ப? செகண்ட் ஹாஃப்ல அவங்க பேசுறதே புரியாது.” அவள் சொல்வது சரிதான். தொலைந்துபோன சோழர்களைத் தேடிப் போகும் ஒரு கூட்டத்தின் கதை அது. இரண்டாம் பாதியில் வரும் அந்தச் சோழர்கள் பேசுவது பழந்தமிழ். ஆனாலும் சேனலை மாற்ற விடமாட்டேன். ஏன் பிடிக்கிறது என்று கேட்டால் “உனக்குப் புரியாது, விடு” என்று பல வருடம் மழுப்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நோட்டை எடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. அன்று தட்டுத்தடுமாறிச் செய்ததை, முதல்முறை எழுதுகிறவர்களுக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன்.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று தடவையாவது பார்த்த படமாக இருக்கட்டும். முதல் தடவை நம்மை உட்கார வைப்பது ‘அடுத்து என்ன’ என்ற பரபரப்பு. மூன்றாவது தடவை அது இருக்காது. அப்போதும் எழுந்து போக மனமில்லை என்றால் படத்தில் ஏதோ இருக்கிறது. நண்பர்களோடு சேர்ந்து கலாய்ப்பதற்காகவே போடும் படங்களை இதில் சேர்க்காதீர்கள். அது வேறு சுகம்.

படி 2: பிடித்ததை முதலில் எழுதுங்கள், காட்சியாக எழுதுங்கள்

‘மேக்கிங் செம’, ‘வேற லெவல்’ என்றெல்லாம் எழுதினால் அக்கா நம்பமாட்டாள். ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் இருந்தது இது:

‘காலடியில் மண் உள்ளே இழுக்கிறது. எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. வெயில் சாயும்போது தரையில் ஒரு நிழல் விழுகிறது. பார்த்தால், நடராசர். அந்த நிழலுக்குள் இருக்கும்வரை உயிர் பிழைக்கலாம், நிழலோ நிற்காது.’

இதை எழுதி முடித்ததும் ஒன்று பிடிபட்டது. அங்கே கத்தியில்லை, மிருகமில்லை. வெறும் வெயிலும் நிழலும்தான் வில்லன். எங்கள் ஊர்க் கோயிலில் தினமும் பார்த்த உருவம் ஒரு வரைபடமாக மாறுகிறது. எனக்குப் பிடித்தது ‘பிரம்மாண்டம்’ இல்லை, தெரிந்த பொருளை இப்படித் தெரியாததாக்கிக் காட்டும் கற்பனைதான் என்று அந்த நான்கு வரி எழுதிய பிறகே தெரிந்தது.

படி 3: குறை எந்த மேசையில் பிறந்தது என்று பாருங்கள்

‘சொதப்பல்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள். எழுதும்போதே வந்த ஓட்டையா, எடிட்டிங்கில் விட்டதா, கிராஃபிக்ஸுக்குக் காசும் நேரமும் போதவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். என் பட்டியல்: சில கிராஃபிக்ஸ் காட்சிகள் அன்றைக்கே பழசாகத் தெரிந்தன. கூலியாட்களின் தலைவனாக வரும் கார்த்தி முதல் பாதி முழுக்க வம்பும் சிரிப்புமாக இருக்க, இரண்டாம் பாதியில் படம் திடீரென்று பெரும் துயரத்துக்குள் இறங்கிவிடுகிறது. மறைந்து வாழும் சோழர்கள் பேசும் பழந்தமிழை முதல் தடவையிலேயே பிடிப்பது கஷ்டம். சோழ மன்னனாக வரும் பார்த்திபன் நடிப்பில் அசந்து நிற்கும்போதே அவர் என்ன சொன்னார் என்று பக்கத்து சீட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது.

படி 4: பிடித்ததும் குறையும் ஒரே வேரில் வருகிறதா?

மற்ற படிகளை அவசரத்தில் தாண்டிவிட்டாலும் பரவாயில்லை, இங்கே மட்டும் நிதானமாக உட்காருங்கள். நோட்டில் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள்.

நடராசர் நிழலை யோசித்த அதே பேராசைதான் பழந்தமிழையும் வைத்தது. கி.பி. 1279-இல் தப்பிப் போன ஒரு கூட்டம் இன்றைய சென்னைத் தமிழ் பேசினால் படம் எளிதாகியிருக்கும், நம்பிக்கை போயிருக்கும். புதையல் வேட்டையாகவே முடித்திருந்தால் வசதி. ஆனால் கடைசியில் அந்தச் சனம் ராணுவத்திடம் சிக்கிச் சீரழிவதைப் பார்த்தபோது எத்தனையோ பேருக்கு ஈழம் நினைவுக்கு வந்தது. படம் வெளியானது 2010 பொங்கலுக்கு. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஆக, என் அக்கா சொல்லும் ‘இரண்டாம் பாதிக் குறை’யை வெட்டி எடுத்தால் எனக்குப் பிடித்ததும் அதோடு போய்விடும்.

கிராஃபிக்ஸ் அப்படியில்லை. அதைச் சரிசெய்திருந்தால் படத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனவே அதற்கு வக்காலத்து வாங்க வேண்டாம், குறை என்று எழுதிவிட்டு நகருங்கள்.

படி 5: கத்தரிக்கோல் சோதனை

குறையை மனசுக்குள் வெட்டிப் பார்ப்பதற்கு ஒரு நிஜ உதாரணம் இருக்கிறது. 2001-இல் வந்த கமலின் ‘ஆளவந்தான்’ 2023 டிசம்பரில் நீளத்தைக் கணிசமாகக் குறைத்து மறுபடியும் திரைக்கு வந்தது. அதில் விஜய், மனநிலை பாதிக்கப்பட்ட நந்து என்ற இரட்டையர் இருவருமே கமல்தான். எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது நந்துவின் தலைக்குள் நடப்பவை. அடிதடி நடுவே காட்சி சட்டென்று கார்ட்டூனாக மாறும் இடம். விஜய்–தேஜஸ்வினி காதலில் பாதியை எடுத்தாலும் எனக்கு வலிக்காது. நந்துவில் ஒரு நிமிடம் குறைந்தாலும் சண்டைக்கு வருவேன். உங்கள் படத்துக்கும் இப்படி இரண்டு வரி எழுதிப் பாருங்கள்: எதை வெட்டலாம், எதில் கை வைக்கக்கூடாது.

படி 6: சீரியல் என்றால் அளவுகோலை மாற்றுங்கள்

90களின் இறுதியில் நாகா இயக்கத்தில், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில் வந்த ‘விடாது கருப்பு’வை ஒரே மூச்சில் தொடர்ச்சியாகப் பார்த்து “இழுவை” என்று தீர்ப்பு எழுதிய தவறை நான் செய்திருக்கிறேன். அது வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பார்க்க எழுதப்பட்டது. கொலை செய்வது சாமியா மனுசனா என்ற வாதம் திரும்பத் திரும்ப வருவது, போன வாரத்தை மறந்துவிட்டு வருகிறவர்களுக்காக. குதிரையில் கருப்பு வரும் ராத்திரிக்கு ஏழு நாள் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் பயம் முழுசாகக் கிடைத்தது. வாரக்கணக்கில் காத்திருக்க முடியாவிட்டாலும், ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், போதும்.

படி 7: ‘ஆனால்’ எங்கே நிற்கிறது?

‘படம் பிடிக்கும், ஆனால் சுமார்.’ ‘படம் சுமார், ஆனால் பிடிக்கும்.’ சொற்கள் அதேதான், தீர்ப்பு வேறு. தமிழில் ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவதுதான் ஜெயிக்கும். உங்கள் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இதை மட்டும் சரிபாருங்கள். கூடவே இந்தப் படத்தை யாருக்குச் சொல்வீர்கள், யாருக்குச் சொல்லமாட்டீர்கள் என்று ஒரு வரி. நான் எழுதியது: ‘ரத்தம் பார்த்தால் முகம் திருப்புகிறவர்களுக்கு வேண்டாம். கோயில் தூணில் இருக்கும் யாளியை நின்று பார்க்கிறவர்களுக்குக் கட்டாயம்.’

எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு ரிமோட்டை என் பக்கம் தள்ளினாள். “அந்த நிழல் சீன் வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் நீயே பாரு.”