பயாஸில் ஃபேன் வேகத்தை மாற்றும்போது செய்யும் தவறுகள்

என் கம்ப்யூட்டரை ஓசூரில் இருந்தபோது ஒரு டிசம்பரில் அசெம்பிள் செய்தேன். ராத்திரியில் ஃபேன் சத்தம் காதைக் குடைந்ததால் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போய், சிபியு, அதாவது கம்ப்யூட்டரின் மூளையான சிப், 70 டிகிரி தொடும் வரை 30 சதவீத வேகம், அதற்கு மேல் எவ்வளவு சூடானாலும் 60 சதவீதம்தான் என்று கட்டிப்போட்டேன். சத்தம் அடங்கியது, நானும் மறந்துவிட்டேன். ஏப்ரலில் தர்மபுரிக்குக் குடிமாறினோம். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை. வழக்கமான வீடியோ வேலைதான், ஆனால் ரெண்டர், அதாவது எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக எடுப்பது, இழுத்துக்கொண்டே போனது. பார்த்தால் சிபியு 95 டிகிரியில் நின்றபடி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது.

சிபியு மேல் உட்கார்ந்து அதன் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் உலோகத் துண்டுதான் ஹீட்சிங்க்; அது ஏசி இல்லை. அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்றுதான் அதனால் பிடித்து வைக்க முடியும். அறை 10 டிகிரி சூடேறினால் சிபியுவும் ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் பாதிதான். குளிர்காலத்தில் போட்ட கணக்கைக் கோடையில் சரிபார்க்காமல் விட்டது என் தவறு.

அடுத்தது, பயாஸ் திரையில் தெரியும் டிகிரியை வைத்து முடிவெடுப்பது. சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் விண்டோஸோ லினக்ஸோதான் செய்யவைக்கிறது. பயாஸுக்குள் அது முழுதாக நடக்காததால் 50 டிகிரி காட்டினாலும் ஆச்சரியம் இல்லை. அதைப் பார்த்துப் பதறி, சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் வாங்க ஓடியவர்கள் உண்டு. உண்மை நிலவரம் வேண்டுமென்றால், கனமான வேலை ஒன்றை இருபது நிமிடம் ஓடவிட்டு, விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) மென்பொருள், லினக்ஸில் சென்சார்ஸ் கட்டளை மூலம் பாருங்கள். பல இன்டெல் சிப்களுக்குச் சூட்டு வரம்பு 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90, 7000 வரிசையில் 95. ஆகவே கடும் வேலையின்போது 80 வந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இவை காட்டும் சென்சார் பட்டியலில் 127 டிகிரி என்றோ மைனஸில் ஏதோ ஒரு எண்ணோ அசையாமல் நிற்கலாம். அநேகமாக அது எதனோடும் இணைக்காத சென்சார். அதைப் போய் ஃபேனுக்கு ஆதாரமாக வைத்துவிடாதீர்கள்.

பிரவுசரைத் திறந்தால் 'விர்ர்' என்று ஏறி உடனே இறங்கும் ஃபேன் பலருக்கும் தலைவலி. சிபியு ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி தாவி இறங்குவதால் வருவது அது. வேகத்தையே குறைத்துவிடுவது தீர்வு இல்லை. ஃபேன் எவ்வளவு தாமதித்து ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று சொல்லும் அமைப்பு பல மதர்போர்டுகளின் பயாஸில் உண்டு. சில நொடிகள் வையுங்கள், போதும்.

பயாஸில் ஃபேன் வகையையும் சரியாக வையுங்கள்: மூன்று பின் ஃபேனுக்கு டிசி (வோல்டேஜை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துவது), நான்கு பின் ஃபேனுக்கு பிடபிள்யூஎம் (நான்காவது பின்னில் வரும் சிக்னலால் கட்டுப்படுத்துவது). மூன்று பின்னை பிடபிள்யூஎம்மில் விட்டால் முழு வேகத்திலேயே கத்தும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது 'சிபியு ஃபேன் எரர்' விஷயத்தில். கம்ப்யூட்டரைப் போட்டதும் இந்த எச்சரிக்கை வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது என்று, அந்தக் கண்காணிப்பையே 'இக்னோர்' செய்துவிடுகிறார்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறை ஒன்றின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இதைப் பார்த்தேன். மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கோலமாவு போல வெள்ளைத் தூசி. ஃபேனை விரலால் தள்ளினேன், நறநறவென்று அரைச் சுற்று சுற்றி நின்றது. யாரோ எச்சரிக்கையின் வாயை மட்டும் அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாட்டர் கூலர் போட்டு போர்டில் சிபியு ஃபேன் இணைப்பைக் காலியாக விட்டவர்கள் இக்னோர் வைப்பது வேறு கதை. மற்றவர்கள் முதலில் மூடியைத் திறங்கள். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

எல்லாம் சரியாக வைத்த பிறகும் ஒரு நாள் ஃபேன் பழையபடி கத்தலாம். பயாஸ் அப்டேட் செய்தால் பெரும்பாலும் அமைப்புகள் அழிந்துவிடும். பல போர்டுகளில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலும் இதே கதி. கடிகாரம் பழைய தேதியைக் காட்டினால் சந்தேகப்படுங்கள். நான் இப்போது ஃபேன் அமைப்புத் திரையைப் போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன். டிசம்பருக்கு ஒன்று, மே மாதத்துக்கு ஒன்று.