எலிப்புழுக்கை மட்டும் போதாது: குடலின் பகுதிவாரியாக பாக்டீரியா மாதிரி எடுக்கும் முறை

குடல் பாக்டீரியா ஆய்வைத் தொடங்குபவர்கள் முதலில் சேகரிப்பது எலிப்புழுக்கையைத்தான். எலியைக் கொல்ல வேண்டாம், தினமும் எடுக்கலாம். ஆனால் அது பெருங்குடலின் நிலையைத்தான் ஓரளவு காட்டும். அதை வைத்துச் சிறுகுடலைப் பற்றி முடிவு கட்டக் கூடாது.

காரணம், இடத்துக்கு இடம் சூழல் வேறு. இரைப்பையில் அமிலம், சிறுகுடலில் பித்தநீர், கொஞ்சம் ஆக்சிஜன், வேகமாக நகரும் உணவு. இவற்றைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் போன்றவையே அங்கே தலைதூக்கும். பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல இருக்கும் சீக்கத்தில் உணவு தங்கும், ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் பாக்டீரியாக்கள் ஒரு கிராமுக்கு ஆயிரம் கோடிக்கு மேல்கூட இருக்கும்.

படி 1: கூண்டுகள். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியபின் கூண்டுகளைத் திட்டமிடுங்கள். ஒரே கூண்டு எலிகள் ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்பதால் அவற்றின் பாக்டீரியாக்களும் ஒத்துப்போகும். ஒவ்வொரு குழுவையும் பல கூண்டுகளில் பிரித்து வையுங்கள். இதில் தவறினால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

படி 2: பிரித்தல். எல்லா எலிகளையும் நாளின் ஒரே நேரத்தில் அறுங்கள். பகுதிகள் சேரும் இடங்களை நூலால் கட்டினால் உள்ளிருப்பது கலக்காது. சிறுகுடலில் எல்லை கண்ணுக்குத் தெரியாது. நீளத்தை அளந்து மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலிருந்து எடுங்கள்.

படி 3: உள்ளடக்கம் வேறு, சுவர் வேறு. உள்ளடக்கத்தை மெதுவாகப் பிதுக்கி எடுங்கள். அப்புறம் கிருமிநீக்கிய உப்புக்கரைசலால் அலசி, சுவரைச் சுரண்டித் தனிக்குழாயில் போடுங்கள். சிறுகுடலின் இறுதிப் பகுதியான இலியத்தின் கடைசியில் சுவரைப் பற்றி வாழும் இழை பாக்டீரியாக்கள் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்தால் நழுவிவிடும்.

படி 4: தூய்மை. பாக்டீரியா குறைவான பகுதியில் தொடங்கி, நிறைந்த சீக்கத்தைக் கடைசியில் தொடுங்கள். பகுதிக்குப் பகுதி கருவியை மாற்றுங்கள். திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். மாதிரியே இல்லாத வெற்றுக்குழாய் ஒன்றையும் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். வேதிப்பொருட்களிலிருந்து வந்த டிஎன்ஏ எது என்று அதுதான் சொல்லும்.

படி 5: எண்ணுதல். 16எஸ் என்ற மரபணுவைப் படித்து எந்தெந்த பாக்டீரியா இருக்கிறது என்று காட்டும் 16எஸ் வரிசைப்படுத்தல் விகிதத்தைத்தான் தரும். ஒரு பாக்டீரியா இரைப்பையில் 50 சதவீதம், சீக்கத்தில் 5 சதவீதம் என்று வந்தாலும், எண்ணிக்கையில் சீக்கத்தில் அதிகமாக இருக்கலாம். அதனால் டிஎன்ஏவின் அளவைக் கணக்கிடும் கியூபிசிஆர் சோதனை வழியாக மொத்த அளவையும் பாருங்கள்.

இன்னொன்று: இரைப்பையில் பெருங்குடல் பாக்டீரியாவின் டிஎன்ஏ தெரிந்தால், அது அங்கேயே வாழ்வதாக உடனே எழுதிவிடாதீர்கள். சற்றுமுன் தின்ற புழுக்கையோடு வந்ததாகவும் இருக்கலாம்.