லைட் எரிந்தால் மட்டும் வயரிங் சரியாகிவிடாது

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக் மினுக்கென்று மங்கலாக எரிகிற வீடுகள் நிறைய உண்டு. பல்பு சரியில்லை என்று வேறு மாட்டுவார்கள். அதுவும் மினுக்கும். சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகப் போகும் துளி மின்சாரமே காரணமாக இருக்கலாம், அதில் பயமில்லை. இண்டிகேட்டரே இல்லாத சுவிட்சிலும் இப்படி நடந்தால் ஒரு முறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். சுவிட்சை ஃபேஸில் (மின்சாரம் வரும் வயர்) போடாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயர்) போட்டிருக்கலாம்.

நியூட்ரலில் போட்டாலும் லைட் எரியும், அணையும். அதனால்தான் வருடக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். சுவிட்ச் ஆஃபில்தானே இருக்கிறது என்று நம்பி ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி ஹோல்டரில் கை வைப்பார். ஷாக் சின்னதாக இருந்தாலும், அந்த உதறலில் கீழே விழுவதே பெரிய அடி. அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது சுவிட்சை அணைத்துவிட்டு ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலுமே எரியக் கூடாது.

நாங்கள் வேலைக்குப் போகிற வீடுகளில் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எல்லாம் ஓடும், எல்லாம் எரியும், தப்பு மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் வயருக்கு. வயர் 90 மீட்டர் சுருளாக வருகிறது. வேலை முடியும் தறுவாயில் கறுப்பு தீர்ந்துபோகும், பச்சை பத்து மீட்டர் மிஞ்சியிருக்கும். இன்னொரு சுருள் வாங்குவானேன் என்று பச்சையிலேயே சுவிட்ச் ரிட்டர்னை, அதாவது சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகும் வயரை, இழுத்துவிடுவார்கள். இழுத்தவருக்கு அது தெரியும். பத்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறக்கிறவர் பச்சையைப் பார்த்து எர்த் என்று நம்பித் தொடுவார். அந்த மிச்சம் பிடித்தலை நான் எந்த நாளும் ஏற்கமாட்டேன்.

மூன்று துளை பிளக் பாயிண்டுக்கும் ஒழுங்கு உண்டு. எதிரே நின்று பார்த்தால் மேலே இருக்கும் பெரிய துளை எர்த், வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். மாற்றிப் போட்டாலும் மிக்சி ஓடும். ஆனால் மிக்சியின் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும், உள்ளே ஃபேஸ் அப்படியே இருக்கும்.

எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கை

எர்த் விஷயத்தில்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளக்கின் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது சும்மா இல்லை. செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் விட வேண்டும். அந்தப் பின்னை உடைத்துவிட்டு இரண்டு துளை பாயிண்டில் அழுத்தி மாட்டிய அயர்ன் பாக்ஸ்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட ஆபத்து, பாயிண்டுக்கு எர்த் வயரே வராத இடத்தில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்கு லூப் போடுவது. டெஸ்ட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் ஜம்மென்று எரியும், எர்த் அருமையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பிறகு ஒரு நாள் அந்த நியூட்ரல் எங்கோ அறுந்தாலோ லூஸானாலோ, ஃபிரிட்ஜுக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அந்த லூப் வழியாக ஃபிரிட்ஜின் உடம்புக்கே வந்து நிற்கும். ஃபிரிட்ஜில் எந்தக் கோளாறும் இருக்காது. கதவைத் திறக்கிறவருக்குத்தான் அடி.

பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டும் பழக்கம் இருந்தது. இரும்புக் குழாயாக இருந்த காலத்திலேயே அது சரியான முறையில்லை. இப்போது பாதிக் குழாயை பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டோம். கட்டிய கட்டு அப்படியே இருக்கிறது. மண்ணுக்குப் போகும் வழி நடுவில் அறுந்துவிட்டது. வீட்டில் ஒரு பொருள் லீக் ஆனால் குளியலறைக் குழாயில் ஷாக் அடிக்கும்.

சரி, முறையாக எர்த் குழி தோண்டி எடுத்த எர்த் என்றே வைத்துக்கொள்வோம். கோடையில் மண் காய்ந்து குழியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் ஆகிவிட்டது. வாஷிங் மெஷினில் ஃபேஸ் உடம்பைத் தொட்டுவிட்டது. 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். அங்கே இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி., அளவுக்கு மீறிக் கரண்ட் போனால் தானாக விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச். அது அசையாது. மெஷினின் உடம்பில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜும் நின்றுகொண்டிருக்கும். எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விழாது. எம்.சி.பி. காப்பது வயரை. மனிதரைக் காப்பதற்கு இருப்பது ஆர்.சி.சி.பி., அதுவும் 30 மில்லி ஆம்பியர் உணர்திறன் உள்ளது. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமாக இல்லை என்று தெரிந்தவுடன் அது வெட்டிவிடும். ஒரு கையில் ஃபேஸையும் இன்னொரு கையில் நியூட்ரலையும் பிடித்தால் அதனாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழும். வெளிச்சுவர் லைட்டில் ஈரம் இறங்கியிருக்கும், மொட்டை மாடி ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர் நின்றிருக்கும். அப்போது எங்களிடம் கேட்பது, "தம்பி, அதை டைரக்ட் பண்ணிக் கொடுத்துருங்க." ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு வயரை நேராக இணைப்பது இரண்டு நிமிட வேலை, விளக்கும் நிம்மதியாக எரியும். தயவுசெய்து கேட்காதீர்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அது உங்களிடம் சொல்கிறது. ஒரு ரூமின் ஃபேஸுக்கு இன்னொரு ரூமின் நியூட்ரலைக் கடன் வாங்கியிருந்தாலும் விழலாம். அதையும் கண்டுபிடித்துப் பிரிக்க முடியும், நேரம்தான் ஆகும். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

கருகிய பாயிண்ட்

இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதன் தடித்த பிளக் சமையல் மேடையில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பாயிண்டில் நுழையாது. கடையில் கன்வெர்ஷன் பிளக் கிடைக்கிறது, வாங்கி மாட்டியாயிற்று. அடுப்பும் சூடாகிறது. இப்படி மாட்டியிருந்த ஒரு வீட்டில் பாயிண்டைக் கழற்றியபோது ஃபேஸ் ஸ்குரூவைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகி வழிந்திருந்தது. வயரின் மேல்தோல் இரண்டு அங்குலத்துக்கு மொரமொரவென்று கையோடு உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஒரு மாதமாகவே மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை வந்ததாக அந்த அம்மா சொன்னார். அது சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை. அந்த வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று அவர் கேட்டார். ஸ்குரூ லூஸாகி அங்கே அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தால் போதும். 9 ஆம்பியருக்கு 40 வாட் சூடு. சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். மிளகு அளவு இடத்தில் அதைவிட அதிகச் சூடு எரிந்துகொண்டிருக்கிறது, ஆனால் கரண்ட் கூடவில்லை. எம்.சி.பி.யின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. எனவே லூஸ் காண்டாக்டைத் தடுக்க மாட்டுகிற கைதான் கவனமாக இருக்க வேண்டும். மேல்தோலைச் சீவும்போது செம்பு இழைகள் அறுபடக் கூடாது. இழைகளை முறுக்கி, மடித்து நுழைத்து, மேல்தோல் ஸ்குரூவுக்குள் மாட்டாதபடி இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு வயரை ஒரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே துளையில் நாலு லூப் வயரைத் திணித்தால் அதில் ஒன்றாவது சரியாகப் பிடிக்காமல் போகும். பைப்புக்குள் ஜாயிண்ட் போட்டு டேப் சுற்றுவது கூடவே கூடாது. வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும், பிறகு எங்கே என்று தேடுவது?

லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்.எம்., பவர் பாயிண்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்று, எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனித்தனியாக இழுப்பது நல்லது. லைட் லைனில் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 20 மாட்டினால், அதற்கப்புறம் முதலில் உருகுவது சுவருக்குள் இருக்கும் வயர்தான்.

இன்வெர்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்துவிட்டேன் என்று சுவிட்ச் பெட்டியைத் திறக்காதீர்கள். மெயின் போனதும் இன்வெர்டர் கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒரே பெட்டிக்குள் பாதி வயர் செத்தும் பாதி உயிரோடும் இருக்கும். இன்வெர்டரையும் அணைத்து, அதன் அவுட்புட் பிளக்கையும் பிடுங்கிய பிறகே ஸ்குரூவில் கை வைக்கலாம். டெஸ்டரை வேலை செய்கிற ஒரு பாயிண்டில் வைத்துப் பார்த்து, அதன் பல்பு எரிவதை உறுதி செய்துகொண்டுதான் அணைந்த பாயிண்டில் வைக்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா இடத்திலும் கரண்ட் இல்லை என்றுதான் காட்டும்.

படம் மாட்டவோ ஷெல்ஃப் அடிக்கவோ சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடாதீர்கள். பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும். புது வீடு கட்டுகிறவர்கள் கொத்தனார் பூச்சு பூசுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை ஓரத்தில் நீட்டிப் பிடித்து, போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடியில், மூலையிலிருந்து எத்தனை அடியில் பைப் போகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.