கண் ஊசி: "இப்பத்தான் நல்லா தெரியுதே!"

ஆறு வருடமாக அம்மாவை விழித்திரை ஊசிக்கு அழைத்துப் போகிறேன். இதுவரை 34 ஊசி. போன வாரம் பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மூணு ஊசியும் முடிஞ்சுது. அப்பா பேப்பரே படிக்கிறாரு. இனிமே வர வேண்டியதில்ல." நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னேன். ஊசிக்குப் பின் கண்ணைக் கசக்காதீர்கள் போன்றவற்றை நர்ஸே சொல்லிவிடுவார். அதனால் நாம் செய்யும் மற்ற தவறுகளுக்கு வருகிறேன்.

மூன்று ஊசியோடு நிறுத்துவது

அம்மாவுக்கு இருப்பது ஈர வகை மாகுலா சிதைவு. மாகுலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. இந்த நோயில் விழித்திரைக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. நோஞ்சான் குழாய்கள், நீரும் ரத்தமும் கசியும். அவற்றை வளரத் தூண்டுவது விஇஜிஎஃப் என்ற புரதம். ஊசி மருந்து அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுகிறது, குழாயை வேரோடு பிடுங்குவதில்லை. சில வாரங்களில் மருந்து தீர்ந்ததும் கசிவு திரும்பலாம். அதனால்தான் மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டபின், ஓசிடி ஸ்கேன் (விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் படம்) பார்த்துக்கொண்டே இடைவெளியை மெல்ல நீட்டுகிறார்கள்: 6 வாரம், 8 வாரம், ஒத்துக்கொண்டால் 12.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அம்மா பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படித்தார். அப்புறம் வீட்டில் ஒரு கல்யாணம், அலைச்சல். ஐந்து மாதம் போகவில்லை. ஒருநாள் குளியலறையிலிருந்து குரல்: "டைல்ஸ் கோடெல்லாம் நெளியுதுடா." ஸ்கேனில் மாகுலாவுக்கு அடியில் ரத்தம். மறுபடி ஊசி போட்டதில் நீர் வற்றியது, தழும்பு தங்கிவிட்டது. அந்தக் கண்ணில் பஞ்சாங்கம் திரும்பி வரவேயில்லை.

இன்றும் எரிச்சலாக இருப்பது இதுதான்: நீர் கோப்பது பெரும்பாலும் ஸ்கேனில் முதலில் தெரியும், நோயாளிக்குப் பிறகுதான் தெரியும். "நல்லா தெரியுதே" என்பதை வைத்து முடிவெடுத்தது நான். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்ப்பது

நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மூடிவிடும். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைப் பொத்தி, ஆம்ஸ்லர் கட்டத்தின் (நடுவில் புள்ளி வைத்த கட்டம்போட்ட தாள்) நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். பிறகு மற்ற கண். கோடு புதிதாக வளைந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

விலைக்குப் பயந்து தள்ளிப்போடுவது

பெவாசிசுமாப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. கண்ணுக்குச் சிறு அளவாகப் பிரித்துப் போடுகிறார்கள். விலை மிகக் குறைவு. 2011-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஒரு வருட முடிவில் பார்வையைக் காப்பதில் அது விலை உயர்ந்த கண் ஊசியான ரானிபிசுமாபுக்குச் சளைக்கவில்லை. பணம் இடித்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். விட்டுவிட்டுப் போடும் விலை உயர்ந்த ஊசியைவிட, தேதி தவறாத மலிவான ஊசி மேல் என்பது என் கட்சி.

லூட்டீன் மாத்திரையை நம்பி ஊசியை விடுவது

லூட்டீன் கண்ணுக்கான சத்து மாத்திரை. கசிவை அது நிறுத்தாது.

சிகரெட்

விடச் சொல்லுங்கள்.

ஊசிக்குப் பின் வலி கூடினால் "காலையில் பார்க்கலாம்" என்பது

முதல் நாள் உறுத்தல் சகஜம். அடுத்த நாட்களில் வலி, சிவப்பு, மங்கல் என்று கூடிக்கொண்டே போனால் உள்ளே தொற்றாக இருக்கலாம். ராத்திரியானாலும் கிளம்புங்கள்.