முதல் பிரியஸ்: கண்காட்சிக் காரிலிருந்து விற்பனைக் கார் வரை படித்தறியும் முறை

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ஹைபிரிட் கார் உருவான வரலாற்றைப் படிப்பவர், பெயரையும் தோற்றத்தையும் ஒதுக்கிவைத்து, மின்சாரம் எதில் சேமிக்கப்படுகிறது, எஞ்சினும் மோட்டாரும் சக்கரங்களோடு எவ்வாறு இணைகின்றன என்ற இரண்டு கேள்விகளோடு தொடங்குவது நல்லது. இதற்கு டொயோட்டா பிரியஸே சிறந்த பாடம்.

1993-இல் ஜி21 என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தின் நோக்கம், அடுத்த நூற்றாண்டுக்குரிய சிக்கனமான கார் ஒன்றை உருவாக்குவதே. ஹைபிரிட் என்ற எண்ணம் பின்னரே வந்தது. தலைமைப் பொறியாளர் தகேஷி உச்சியமாதா. 1995 டோக்கியோ கண்காட்சியில் வைக்கப்பட்ட பிரியஸில் மின்சாரத்தைச் சேமிக்க மின்தேக்கியும் (கெப்பாசிட்டர்), படிகள் இல்லாமல் வேக விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சி.வி.டி. கியர் அமைப்பும் இருந்தன. 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிரியஸிலோ இவ்விரண்டுமே இல்லை. மின்தேக்கியின் இடத்தில் தலா 1.2 வோல்ட் கொண்ட 240 நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்கள் இருந்தன. பெருக்கிப் பாருங்கள், 288 வோல்ட் வரும்.

சி.வி.டி.யின் இடத்தில் வந்தது ஒரு பற்சக்கரத் தொகுதி; அதனால் இரண்டாவது கேள்விக்கு ஒரு தாளும் பென்சிலும் தேவை. நடுவில் 30 பற்கள் கொண்ட சூரியச் சக்கரத்தையும், வெளியே 78 பற்கள் கொண்ட வளையச் சக்கரத்தையும், இடையே சிறு கோள் சக்கரங்களைச் சுமக்கும் தாங்கியையும் வரையுங்கள். சூரியச் சக்கரத்தில் ஜெனரேட்டர், தாங்கியில் எஞ்சின், வளையத்தில் மோட்டாரும் காரின் சக்கரங்களும் என்று எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினின் முறுக்குவிசையில் 78/108, அதாவது சுமார் 72 விழுக்காடு, வளையத்திற்கும் மீதி ஜெனரேட்டருக்கும் செல்கிறது. எஞ்சின் நின்றிருக்கையில் கார் ஓடினால், ஜெனரேட்டர் வளையத்தைப்போல் 2.6 மடங்கு வேகத்தில் எதிர்த்திசையில் சுழலும். கிளட்ச் இல்லாமலேயே, ஜெனரேட்டரின் வேகத்தை மாற்றி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிவது இதனால்தான். என் பார்வையில், விளம்பரங்கள் போற்றிய எதையும்விட இந்த எளிய பற்சக்கரத் தொகுதியே உண்மையான சாதனை.

தாளில் எளிதாகத் தெரிவது பட்டறையில் எளிதாக இருக்கவில்லை: சோதனை வண்டி 49 நாட்கள் நகரவே மறுத்தது. வெளியீட்டு நாளோ திட்டமிட்டதைவிட முன்னதாகவே குறிக்கப்பட்டது.

முதல் பிரியஸுக்கு லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்ற எண்ணைக் கண்டால், அது ஜப்பானின் 10-15 என்ற எரிபொருள் சிக்கனச் சோதனை முறையில் கிடைத்தது என்பதை நினைவிற்கொண்டு, அதே முறையில் அளக்கப்பட்ட கார்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அடுத்து, 1999-இல் வந்த ஹோண்டா இன்சைட்டிடம் இதே கேள்விகளைக் கேளுங்கள். அதிலும் நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலங்களே, ஆனால் 144 வோல்ட். மோட்டாரோ எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் தண்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், மோட்டார் சுழலும்போதெல்லாம் எஞ்சினும் கூடவே சுழல வேண்டியிருக்கும்.