தீட்டு வேறு, புனிதத்தைக் குலைப்பது வேறு

கோயில் சிலையை எவனோ உடைத்தான் என்ற செய்தியில் ‘கோயிலைத் தீட்டுப்படுத்தினான்’ என்று எழுதுகிறார்கள். தவறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதவே கூடாது என்பேன். தீட்டு என்பது சாவு, பிள்ளைப்பேறு என்று யாரும் கேட்காமலே வந்து, நாள் கழிந்து தலை முழுகினால் போய்விடுவதாக வீடுகளில் வைத்திருக்கும் கணக்கு. அதையே பிறப்போடு சேர்த்து மனிதர்கள் மேல் ஏற்றியதால்தான் சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் செய்ய வேண்டி வந்தது. அப்போது நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தோம், எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது 1936 நவம்பர் 12 அன்று. அதுவரை வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எந்தப் புனிதத்தையும் குலைக்கவில்லை. சிலையை உடைத்தவன் குலைத்தான். இரண்டு பேருக்கும் ஒரே சொல்லைப் போடலாமா?

அப்புறம் தேவதூஷணம். இது வாயால் செய்வது, கடவுளைப் பழித்துப் பேசுவது. புனிதமான பொருளையோ இடத்தையோ நாளையோ கெடுப்பதற்குத் தமிழ் வேதாகமத்தில் ‘பரிசுத்தக்குலைச்சல்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது, ஓய்வுநாள் பற்றிய வசனங்களில் நம்மூர் சர்ச்சுகளில் கேட்டிருப்பீர்கள். கல்லறைச் சிலுவையை ஒருவன் பிடுங்கி எறிந்தால் அது தூஷணம் ஆகாது.

ஒரு ஊர் வழக்கத்தை வைத்து இன்னொரு இடத்தில் ‘புனிதம் போச்சு’ என்று சத்தம் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலான கோயில்களில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு சாமி முன்னால் நிற்பது மரியாதைக் குறைவு. அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடமான சாமித்தோப்புப் பதியில் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும், தலைப்பாகை கட்டவே விடாமல் வைத்திருந்த மக்களுக்கு அய்யா வைகுண்டர் கொடுத்த உரிமை அது. தக்கலை பீரப்பா தர்காவிலும் தலையை மூடுவதுதான் மரியாதை, சர்ச்சில் ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். ஆக, அந்தந்த இடத்தின் முறை தெரியாமல் யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலில் சட்டையைக் கழற்ற மறந்த வெளியூர்க்காரரிடம் ‘அண்ணே, சட்டையைக் கழத்திட்டு வாங்க’ என்றால் போதும்.

சட்டமும் நோக்கத்தைத்தான் பார்க்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 295, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா 298: வழிபாட்டு இடத்தையோ புனிதப் பொருளையோ சேதப்படுத்தினால், மாசுபடுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆனால் மதத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு, அல்லது அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். கால் தவறிப் பட்டதெல்லாம் இதில் வராது.

இன்னொன்று, எனக்கு நிஜமாகவே கோபம் வருவது இதில்தான். செருப்புக்கும் சட்டைக்கும் குதிக்கிறவர்கள் கோயில் நிலத்தை வளைத்துப் போடுவதையும் தெப்பக்குளத்தில் சாக்கடையைத் திருப்பி விடுவதையும் வெறும் ‘ஆக்கிரமிப்பு’, ‘சுகாதாரக் கேடு’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லி வைத்தவர்கள் இதையும் புனிதத்தைக் குலைப்பதாகத்தான் பார்த்தார்கள். அந்தச் சொல்லை அங்கே தயங்காமல் போடுங்கள்.