வருஷக் கடைசி ஆபீஸ் பார்ட்டி: கூட்டத்தில் பேச்சு வராதவர்கள் சமாளிப்பது எப்படி

டிசம்பர் பாதி தாண்டினால் போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்துவிடும். ஈசிஆரில் ஒரு ரிசார்ட், இல்லையென்றால் சுண்ணாம்பாறு பக்கம் ஏதாவது ஒரு ஹால், டிஜே, பஃபே, சீக்ரெட் சாண்டா, "எல்லாரும் கண்டிப்பா வரணும்" என்று எச்ஆர் போடும் மெசேஜ், அதற்குக் கீழே வரிசையாகக் கைத்தட்டல் எமோஜி. கடலூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் பார்ட்டி என்றால் பெரும்பாலும் எல்லை தாண்டிப் பாண்டிச்சேரியில்தான், காரணம் சொல்லத் தேவையில்லை. இதைப் பார்த்ததும் குஷியாகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். வயிற்றைப் பிசைகிறது என்பவர்களுக்குத்தான் மீதி.

இதே ஆட்களோடு ஆயுத பூஜைக்கு நிற்கும்போது இந்தப் பதற்றம் வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? ஒருவர் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறார், ஒருவர் வாசலில் வாழைக்கன்று கட்டுகிறார், ஒருவர் பொரியையும் பொட்டுக்கடலையையும் கலந்து பொட்டலம் போடுகிறார், வேலைக்கு நடுவே "அந்த நூலை இப்படிக் குடுங்க" என்று ஆரம்பிக்கும் பேச்சு தானாக எங்கேயோ போகிறது. யாரும் யாரிடமும் பழகியே ஆகவேண்டும் என்று இல்லை. வருஷக் கடைசி பார்ட்டியில் அந்த வேலைதான் இல்லை. கையில் ஒரு கிளாஸைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்று சிரிப்பதுதான் அங்கே வேலையே. நம்மில் பல பேருக்கு வராதது அது ஒன்றுதான். அதனால் கலகலப்பான ஆளாக மாற முயற்சி செய்யாதீர்கள், ஒரே மாலையில் அது நடக்காது. ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள்.

பார்ட்டிக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஏற்பாடு செய்கிறவரிடம் போய் "நான் ஏதாவது பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டால் போதும், அவருக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். என்னைக் கேட்டால் தம்போலா (எண்ணைச் சொல்லச் சொல்ல டிக்கெட்டில் அடித்துக்கொண்டே போகும் விளையாட்டு) டிக்கெட் கொடுக்கிற வேலைதான் முதல் தரம். கையில் டிக்கெட் கட்டும் பேனாக்களும் இருக்கும், ஒவ்வொரு மேசைக்கும் போவீர்கள், "சார், உங்களுக்கு ஒண்ணா ரெண்டா?" என்பீர்கள், அவர் ஏதாவது சொல்வார், சிரிப்பீர்கள், அடுத்த மேசை. கால் மணி நேரத்தில் ஹாலில் இருக்கிற அத்தனை பேரிடமும் பேசி முடித்திருப்பீர்கள், ஒருவரிடமும் நின்று மாட்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள். அடுத்தது போட்டோ எடுப்பது. சீக்ரெட் சாண்டா பொட்டலங்களுக்குப் பெயர் ஒட்டுவதும் சரிதான். வேண்டாத வேலைகள் இரண்டு: மைக் பிடிப்பது, பணம் வசூலிப்பது. மைக் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பணம் வசூலிக்கப் போனால் பொங்கல் வரைக்கும் ஆள் ஆளாகத் துரத்திக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் நேரம். பயப்படுகிறவர்கள் எல்லாரும் செய்வது, லேட்டாகப் போவது. இருப்பதிலேயே கஷ்டமான வழி அதுதான், ஏனென்றால் நாற்பது பேர் வட்டம் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது கதவைத் திறந்துகொண்டு தனியாக உள்ளே வரவேண்டும், எந்த வட்டத்திலும் நாற்காலி காலியாக இருக்காது. சீக்கிரம் போங்கள். ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள், டிஜே இன்னும் வயர் செருகிக்கொண்டிருப்பார், பேசினால் காதில் விழும். வருகிறவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், நீங்கள் போய் நுழைய வேண்டியதில்லை. சாப்பாடு எட்டு மணி என்று போட்டிருந்தால் ஒன்பதரை என்று படியுங்கள், வீட்டில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பசியும் பதற்றமும் சேர்ந்தால் தாங்காது.

என்ன பேசுவது என்பதுதான் பாதிப் பேரின் பயம். நம் ஊரில் டிசம்பர் மாதத்தில் இதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது: புயல். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, அதாவது சரியாக இந்தப் பார்ட்டி நடக்கிற வாரத்தில். முப்பது வயது தாண்டின உள்ளூர்க்காரர் யாரிடமும் "தானே வந்தப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கரன்ட் இல்லாமல் எத்தனை நாள் இருந்தோம், எந்த மரம் எந்த வீட்டு மேல் விழுந்தது, பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர்களுக்குப் பலாவும் முந்திரியும் எப்படிப் போச்சு என்று அவரே சொல்லிக்கொண்டு போவார், நீங்கள் "அய்யோ", "அப்புறம்?" என்று மட்டும் சொன்னால் போதும். இளவட்டமாக இருந்தால் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல். புதுச்சேரியில் கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் ஆட்களிடம் கேட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதை ஆளுக்கு ஒன்று கிடைக்கும். ஒரே எச்சரிக்கை, கேட்டதும் முகம் மாறினால் விட்டுவிடுங்கள், சிலருக்கு அது கதை இல்லை. கல்யாணம் எப்போது, இன்னும் குழந்தை இல்லையா, சம்பளம் எவ்வளவு ஏறியது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். உங்களிடம் யாராவது கேட்டால் "சொல்றேன் அண்ணா, டிக்கெட் குடுத்துட்டு வந்துடறேன்" என்று நகர்ந்துவிடுங்கள். வேலை கேட்டு வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறதே, அதை அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கூச்சம் தருகிற மாதிரி படம் போட்ட டி-சர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான். நீங்கள் தனியாக நின்று ஃபோனைப் பார்த்ததும், பஃபேயில் குலாப் ஜாமூன் நழுவி ரசத்தில் விழுந்ததும் அந்தக் கணக்கில்தான் வரும்.

பாண்டிச்சேரி என்பதால் சரக்கு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூச்சத்துக்கு ஒரு பெக் மருந்து என்று சொல்லிக் கொடுப்பார்கள். அப்போதைக்கு நாக்கு இளகும், உண்மைதான், மறுநாள் காலையில் பதற்றம் முன்னைவிட அதிகமாக வந்து உட்காரும், கூடவே நேற்று யாரிடம் என்ன உளறினோம் என்ற யோசனையும். வேண்டாம் என்றால் "வேணாம் அண்ணா" என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் வாதம் ஆரம்பிக்கும், மாத்திரை சாப்பிடுகிறேன் என்றால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். கையில் எலுமிச்சை பிழிந்த சோடா இருந்தால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். வண்டி ஓட்டி வந்தவர்கள் மறுக்க யோசிக்கவே வேண்டியதில்லை: 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே குற்றம், முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம். கடலூர்க்காரர்கள் யாராவது "இந்த பாட்டிலை உன் பையில போட்டுக்கோடா" என்றால் மறுத்துவிடுங்கள், கடலூர் எல்லையில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பதில் சொல்லப்போவது பையை வைத்திருப்பவர்தான்.

டான்ஸுக்கு இழுப்பார்கள். முரண்டு பிடித்தால் இன்னும் நாலு பேர் சேர்ந்து இழுப்பார்கள், ஆகவே போய்விடுங்கள், இரண்டாவது வரிசையில் நின்று கை தட்டுங்கள், ஒரு பாட்டு முடிந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்துவிடுங்கள்.

ஆனால் கூச்சம் வேறு, ஒருவர் கை போகிற இடம் பிடிக்காமல் வருகிற அருவருப்பு வேறு. இரண்டாவது உங்கள் சுபாவக் குறை இல்லை. 2013-ஆம் வருஷத்துப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலை தொடர்பாகப் பெண்கள் போகிற வெளியிடங்களையும் ஆபீஸ் ஏற்பாடு செய்த வண்டியையும் பணியிடமாகத்தான் பார்க்கிறது. ரிசார்ட்டில் நடந்தது ஆபீஸில் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, போகவே முடியாது என்றால்? போகாமல் இருக்கலாம், தப்பே இல்லை, தலைக்கு எத்தனை பிளேட் என்று கணக்குக் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும். "அன்னைக்கு வீட்டுல வேலை இருக்கு, நீங்க ஜாலியா இருங்க" என்று ஒரு வரி. ஆனால் பார்ட்டி மட்டும் இல்லை, மீட்டிங், கேன்டீன், ஃபோன் எடுப்பது என்று எல்லாமே இப்படி நெஞ்சு படபடக்கிறது, மாதக்கணக்கில் ஆகிறது என்றால் அதற்கு இந்த மாதிரிக் குறிப்புகள் போதாது. 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்கப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

கிளம்புவதற்கு ஒரு நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். குரூப் போட்டோதான் இந்தப் பார்ட்டிகளின் வருகைப் பதிவேடு, அதில் முகம் விழுந்துவிட்டால் நீங்கள் வந்தாயிற்று. சாப்பிட்டதும் மேனேஜரிடமோ ஏற்பாடு செய்தவரிடமோ மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகருங்கள், மேசை மேசையாக விடைபெறப் போனால் மறுபடி உட்கார வைத்துவிடுவார்கள். கடலூர் போகிறவர்களுக்குப் பஸ்ஸைச் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. 31-ஆம் தேதி ராத்திரியே பார்ட்டி என்றால் "வாங்க, எல்லாரும் பீச்சுக்குப் போயிடலாம்" என்று ஒரு குரல் கட்டாயம் எழும்பும், அதற்கு முன்னால் நீங்கள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும், பிறகு அந்தக் கூட்டத்தில் வண்டியை எடுக்கவும் முடியாது. மறுநாள் காலையில் எடுத்த போட்டோக்களைக் குழுவில் போட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றாது, அவரவர் மூஞ்சி எப்படி விழுந்திருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.